லிட்டர் கணக்கு

உலான்பாத்தரின் வடக்குக் குன்றில்
பேருந்து மூச்சு வாங்கித் திரும்பிவிடும் இடத்துக்கும் மேலே
என் தண்ணீர்க் கடை.
ஒரு ஜன்னல், ஒரு குழாய், ஒரு மின் அடுப்பு.
குழாய் உறைந்துபோகாமல் அதன் கழுத்தில் சுற்றியிருப்பது
என் கணவரின் பழைய கம்பளிக் கால்சட்டை.
அவர் தெற்கே சுரங்கத்தில்.
கால்சட்டை இங்கே வேலை பார்க்கிறது.

காலையில் நகரம் தெரியாது.
எல்லோரும் அடுப்பு மூட்டியிருப்போம்.
கீழே கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள்
எங்கள் புகையை இருமுகிறார்கள்;
எங்களைப் பற்றிப் பேச
அவர்களுக்கு அந்த ஒரு விஷயம்தான்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
பெயர் எழுதுவதில்லை.
சிவப்பு மூடி, மூன்று கேன்.
ஸ்லெட்ஜ் இழுக்கும் பையன், இரண்டு.
ஒற்றைக் கையுறை, ஒன்றரை; மீதிக் காசு நாளைக்கு.
ஆடுகள் நின்றபடியே செத்த குளிர்காலத்துக்குப் பிறகு
வந்த வண்டிகள் எத்தனை என்று
காவல் நிலையத்துக்குத் தெரியாது.
குழாய்க்குத் தெரியும்.

மன்றத்தின் காகிதத்தில் இந்தக் குன்றில்
முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பம்.
பள்ளிக்கூடம் வேண்டுமென்றால் ஐந்நூறு வேண்டும்.
மூன்று வருடமாக இதே பதில்,
ஒவ்வொரு வருடமும் வேறு வேறு கையெழுத்தில்.

ஆகவே நோட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.
கூட்டத்தில் வெப்பம் தாராளம்.
பூட்ஸிலிருந்து பனி உருகி
என் நாற்காலிக்கடியில் குளம் கட்டியது.
எழுந்து படித்தேன்:
ஏழாயிரம் லிட்டர் லாரி. நாளுக்கு மூன்று நடை.
முந்நூற்றுச் சொச்சம் குடும்பம்
இத்தனை தண்ணீர் குடித்தால்
குதிரைகள் வெட்கப்படும், ஐயா.

சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான்.
உறுப்பினர் புரெவ்தக்வா மட்டும் சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மரியாதையாகவே கேட்டார்:
"அப்படியானால் கூடுதலாக இருப்பவர்கள் யார், செரெந்துலாம்?
பதிவில்லாமல் எங்கே குடியிருக்கிறார்கள்?
அந்த நோட்டை இங்கே விட்டுவிட்டுப் போக முடியுமா?"

அப்போதுதான் உறைத்தது
முந்தின நாள் சிவப்பு மூடி ஏன் வரவில்லை என்று.
ஒற்றைக் கையுறையும் வரவில்லை.
நான் கீழே போகப்போகிறேன் என்பது
எனக்கு முன்னாலேயே குன்றெங்கும் ஏறியிருக்கிறது.
பனியை அள்ளி உருக்கியிருப்பார்கள்,
புகை படிந்த கறுப்புப் பனியை.

ஆள் இருக்கிறார்கள் என்று சொன்னால்
பள்ளிக்கூடம் வரும்.
ஆளைத் தேடியும் வருவார்கள்.
எது முதலில் வரும் என்று
லாரிக்குக் காத்திருந்து பழகியவளுக்குத் தெரியாதா?

நோட்டை மூடினேன்.
"நாங்கள் தேநீர் அதிகம் குடிப்போம்" என்றேன்.

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி.
எழுத்தர் பெண் தலை நிமிராமல் தட்டினாள்:
'மேற்படி குன்றில் தேநீர்ப் பழக்கம் அதிகம்.
கோரிக்கை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பு.'
வெளியே வரும்போது அவளே ஓடிவந்து
மறந்துவிட்ட கையுறையைக் கொடுத்தாள்.
"என் அக்காவும் அந்தப் பக்கம்தான்" என்றாள்.
எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஜன்னலைத் திறந்தேன்.
வரிசை இருந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை;
சிவப்பு மூடி மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக
காசை எண்ணி வைத்தாள்.
அவளுடைய மகன் கண்ணாடியில் படிந்த உறைபனியில்
விரலால் ஏதோ கிறுக்கினான்.
ஏழு வயது.
எழுத்து என்று நினைத்துத்தான் கிறுக்கினான்.
நான் துடைக்கவில்லை, மதிய வெயில் துடைத்தது.

லாரி ஓட்டும் கான்துல்கா
குழாயை மாட்டிக்கொண்டே கேட்டான்:
"என்ன ஆச்சு? ஒரு நடைதான் இனி என்றார்களா?"
மேலே பார்த்தேன்.
சரிவின் உச்சியில், நேற்றுவரை வெறும் கல்லாக இருந்த இடத்தில்,
புதிதாக ஒரு வெள்ளைக் கூடாரம்.
அதன் குழாயிலிருந்து முதல் புகை.

நான்கு, என்றேன்.